வாசல் தளத்துக்காக வைப்புத்தொகையைக் கலைக்கலாமா?

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கம் எங்கள் வீடு. நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 67. வாசற்கதவிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை 800 சதுர அடிக்கு, கல் பாவியதுபோல் அச்சு பதித்த ஸ்டாம்ப்டு கான்கிரீட் போட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. துபாயில் இருக்கும் மகன் ஆசைப்பட்டுச் செய்தது. இப்போது ஆங்காங்கே பால் சிந்தியதுபோல் வெளுத்திருக்கிறது. கார் நிற்கும் இடத்தில் மேல்பூச்சு உரிகிறது. குறுக்கே ஒரு விரிசலும் ஓடுகிறது. முழுவதையும் உடைத்துப் புதிதாகப் போட ஒருவர் 2,40,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 20,000 ரூபாயில் மேலேயே சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சை அடித்துத் தருவதாகச் சொல்கிறார். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டியில் 3,00,000 ரூபாய் போட்டு 14 மாதங்கள் ஆகின்றன. சேமிப்புக் கணக்கில் 70,000 இருக்கிறது. வைப்பைக் கலைக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா? “உடைத்துப் போடுங்கள், பிறகு தருகிறேன்” என்கிறான் மகன்.

பதில்: ஐயா, இரண்டும் வேண்டாம். இரண்டு ஒப்பந்தக்காரர்கள் சொன்னதும் வேண்டாம்.

முதலில் பணக் கணக்கு. இந்தத் திட்டத்தில் ஓராண்டு முடிந்து இரண்டாண்டு ஆவதற்குள் கணக்கை மூடினால் அசலில் 1.5 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு அது 4,500 ரூபாய். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைக்கு வரும் 6,150 ரூபாய், ஆண்டுக்கு 24,600, நின்றுபோகிறதே, அதுதான் பெரிய இழப்பு. நகைக் கடனும் ஏறக்குறைய அங்கேதான் கொண்டுபோய் விடும். வட்டி பத்து சதவீதம் என்று வைத்தாலே 2,40,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 24,000. அஞ்சலகம் ஒரு கையில் கொடுப்பதை அடகுக்கடை மறு கையில் வாங்கிக்கொள்ளும், அசல் அப்படியே நிற்கும். மகன் தருவதானால் முதலில் அனுப்பட்டும், பிறகு உடைக்கலாம். இதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இனி, தளத்தை உடைக்கத்தான் வேண்டுமா? நீங்கள் எழுதியிருப்பது மூன்று தனித்தனிக் கோளாறுகள். வெளுப்பு பெரும்பாலும் சீலருக்கு அடியில் ஈரம் சிக்கியதால் வருவது. கான்கிரீட் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. ஒட்டுநாடா ஒன்றை உரியும் இடத்துக்குப் பக்கத்தில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். நாடாவோடு பூச்சும் வந்தால், அதன் மேல் 20,000 ரூபாய்க்குப் புதுச் சீலர் அடிப்பது உதிரும் சுண்ணாம்பின் மேல் பெயின்ட் அடிப்பதுதான். அந்தப் பகுதியில் பழையதை உரித்து, கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே அடிக்க வேண்டும். மற்ற இடங்களில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். முத்து முத்தாக நின்றால் சீலர் உயிரோடு இருக்கிறது. உறிஞ்சிக் கருத்தால் தேய்ந்துபோய்விட்டது.

விரிசலைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். அதன் குறுக்கே ஓர் இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அது பெரும்பாலும் கான்கிரீட் காயும்போது சுருங்கியதால் வந்த விரிசல். நான்கு அங்குலத் தளத்துக்கு எட்டுப் பத்து அடிக்கு ஒரு வெட்டு, ஓர் அங்குல ஆழத்தில் விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் கான்கிரீட் தனக்கு வேண்டிய இடத்தில் தானே வெட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அடியில் மண் இறங்கியிருக்கிறது. அப்போது நிமிர்ந்து பாருங்கள்: மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் அங்கேதான் கொட்டுகிறதா? ஆரியங்காவு கணவாய் வழியே வரும் சாரலும் ஐப்பசி மழையும் சேர்ந்து வாங்குகிற ஊர் உங்களுடையது. குழாயைத் திருப்பாமல் தளத்தில் போடும் எந்தப் பணமும் அதே வழியில் கரையும். அதை இந்த வாரமே செய்யுங்கள், சில நூறு ரூபாய் வேலை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள், அது வளர்கிறதா என்று தெரியும்.

மற்ற வேலைகள் தை பிறந்த பிறகு. ஈரத் தரையில் சீலர் அடித்தால் மறுபடி வெளுக்கும். உச்சி வெயிலில் அடித்தால் கொப்புளம் போடும். விரிசல் வளராமல் இருந்தாலும் சிமென்ட் பால் ஊற்றி அடைக்க விடாதீர்கள், அடுத்த கோடையில் திறந்துகொள்ளும். இழுத்தால் நீளும் பாலியூரித்தேன் நிரப்பி வேண்டும். அடைத்த கோடு கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும்; அதை மறைக்க இரண்டு லட்சம் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை.

உரிப்பது, விரிசல் அடைப்பது, மெல்லியதாக இரண்டு கோட் சீலர் என்று மூன்றுக்கும் தனித்தனியாக, ஜி.எஸ்.டி. உட்பட, எழுத்தில் விலை கேளுங்கள். சீலரில் வழுக்காத தூள் கலக்கச் சொல்லுங்கள். உங்கள் வயதில் மழை நாளில் வாசலில் வழுக்கினால் ஆகும் செலவு வேறு. உடைத்துப் போடும் தொகையில் கால் பங்குக்குள் எல்லாம் முடியும் என்பது என் கணிப்பு. தைக்குள் வரும் இரண்டு காலாண்டு வட்டி 12,300 ரூபாய். சேமிப்புக் கணக்கிலிருந்து 30,000 வரை எடுக்கலாம். மீதி 40,000 மருத்துவச் செலவுக்கு, அதைத் தொடாதீர்கள். குறைந்தால் அந்தத் தொகையை மட்டும் மகனிடம் கேளுங்கள்.

சீலர் நிரந்தரமல்ல, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அடித்தாக வேண்டும். வங்கியில் மாதம் 700 ரூபாய்க்கு 30 மாதத் தொடர் வைப்பு ஒன்று தொடங்குங்கள். 21,000 ரூபாயும் வட்டியும் அடுத்த முறைக்குத் தயாராக இருக்கும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டு என்பதால் இதற்குப் பொருந்தாது.

ஒப்பந்தக்காரருக்கு முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். பொருளுக்கு ரசீது பார்த்துக் கொடுங்கள், கூலியில் ஒரு பகுதியை முதல் கோடை மழை வரை நிறுத்திவையுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரானால் வேறு ஆளைப் பாருங்கள்.