திருவொற்றியூர் மெட்ரோ பக்கம் நாள் முழுக்க நிற்கும் எலக்ட்ரிக் சைக்கிளுக்கு எந்தப் பூட்டு தாங்கும்?

கேள்வி கேட்டவர் முப்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து சைக்கிள் வாங்கியிருக்கிறார். காலையில் விட்டால் ராத்திரிதான் எடுப்பார். கடையில் இலவசமாகக் கொடுத்த கேபிள் பூட்டு போதுமா என்கிறார். போதாது. ஆனால் தூக்கிப் போட வேண்டாம், ஹெல்மெட்டையும் சீட்டையும் கட்ட ஆகும்.

அந்தக் கேபிளின் அட்டையில் 12 மி.மீ. என்று போட்டிருக்கும். அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறைதான். உள்ளே இருப்பது தலைமுடி மாதிரி இழைகளை முறுக்கிய கம்பி. எலக்ட்ரீஷியன் பையில் கிடக்கும் கட்டிங் பிளேயரே போதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து அறுத்துவிடலாம், சத்தமும் வராது. நம்பர் பூட்டும் வேண்டாம். மலிவானவற்றில் பூட்டை இழுத்துப் பிடித்தபடி எண் வளையங்களைத் திருப்பினால் சரியான எண் வந்ததும் கைக்கே தெரிந்துவிடும்.

வாங்க வேண்டியது யூ லாக் (U வடிவ எஃகு வளைவும் குறுக்கே ஒரு தண்டும் உள்ள பூட்டு) அல்லது கனமான செயின். கணக்கு இப்படி. 8 மி.மீ. தடிமனுள்ள சாதாரண இரும்புச் சங்கிலியை 24 அங்குல போல்ட் கட்டரே (நீளக் கைப்பிடி வைத்த இரும்புக் கத்தரி) வெட்டிவிடும். கடினமாக்கிய எஃகு 10 மி.மீ. என்றால் 36 அங்குல கட்டரும் நல்ல தோள் பலமும் வேண்டும். 13 மி.மீ.க்கு மேலே போனால் கையால் அழுத்தும் கட்டர் பெரும்பாலும் தோற்கும். யூ லாக்கில் இன்னொன்றும் பாருங்கள்: வளைவின் இரண்டு காலும் தனித்தனியாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டுவது என்றால் ஒரே இடத்தில் அறுத்து முறுக்கினாலே கழன்று வரும். இரண்டு பக்கமும் பூட்டியிருந்தால் இரண்டு இடத்தில் அறுக்க வேண்டும்.

கடினமாக்கிய எஃகுதானா என்று காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, எல்லா இரும்பும் ஒட்டும். ஒரு சின்ன முக்கோண அரம் கொண்டுபோய், உறையைத் தள்ளிவிட்டு, கண்ணுக்குப் படாத ஒரு கண்ணியில் லேசாக இழுங்கள். அரம் கடித்துப் பொடி உதிர்ந்தால் அது சாதாரண இரும்பு. வழுக்கிக்கொண்டு போனால் சரி. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். அட்டையில் ‘பாதுகாப்பு 10க்கு 8’ என்றிருப்பதையும் நம்ப வேண்டாம், அது கம்பெனி தனக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க். பிரிட்டனின் சோல்ட் செக்யூர் முத்திரையோ நெதர்லாந்தின் ஏ.ஆர்.டி. நட்சத்திரமோ இருந்தால் வெளியாள் சோதித்தது என்று அர்த்தம்.

திண்டுக்கல் பூட்டை விட்டுவிட்டானே என்று யாராவது கேட்பார்கள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, அதைக் குறை சொல்ல வரவில்லை. வீட்டுக் கதவுக்கு அது ராஜா. சைக்கிளைக் கட்டும் செயினுக்குத் தனிப்பூட்டு போடுவதானால் பூட்டின் வளைகம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் விஷயம். நீட்டினால் இரண்டு ஸ்பேனரை உள்ளே விட்டு நெம்பிவிடுவார்கள். கம்பியை உடம்பே மூடியிருக்கும் வகையாகப் பார்த்து எடுங்கள். இரும்பு அறுக்கும் கிரைண்டர் மெஷின் வந்தால் எதுவும் நிற்காது என்பவருக்கும் ஒரு பதில்: உண்மைதான், ஆனால் தீப்பொறி பறக்க, ஊரே திரும்பிப் பார்க்க அறுக்க வேண்டும். ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள் என்பது அதற்காகத்தான்.

இனி எப்படிப் பூட்டுவது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். இங்கே விற்கும் சைக்கிள்களில் பெரும்பாலும் மோட்டார் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும். 18 எம்.எம். ஸ்பேனர் ஒன்று இருந்தால் சக்கரத்தோடு கழற்றிவிடலாம். உள்ளே செம்புக் கம்பி, காயலான் கடையில் எடைக்கே போகும். அதனால் பூட்டு ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் (பின் சக்கரத்தைத் தாங்கும் குழாய்களுக்கு நடுவே) நுழைந்து, ரிம்மையும் சேர்த்து வளைத்து, கம்பத்தோடு முடிய வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் கட்டினால் குவிக் ரிலீஸை (ஸ்பேனர் இல்லாமலே சக்கரத்தைக் கழற்ற உதவும் பிடி) தட்டிவிட்டு மற்றதைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பிரேக் டிஸ்க்குக்குள் செயினை விடாதீர்கள், வளைந்துவிடும். அச்சிலிருந்து வரும் மோட்டார் ஒயர் மேல் செயின் இடிக்கக் கூடாது. உறை கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கினால் மோட்டார் விட்டு விட்டு இழுக்கும், பூட்டுதான் காரணம் என்று மெக்கானிக்குக்கே தோன்றாது. செயின் தரையில் கிடக்கவும் கூடாது. கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மற்றதன் மேல் ஏறி நின்று அழுத்த வசதியாகிவிடும்.

கம்பத்தையும் ஆட்டிப் பாருங்கள், சில பெயர்ப்பலகைகள் கையோடு வரும். ஈ.பி. பில்லர் பாக்ஸிலும் தெருவிளக்குக் கம்பத்திலும் கட்டவே கட்டாதீர்கள். மழைக்காலத்தில் மின்கசிவு எந்தக் கம்பத்தில் என்று யாருக்கும் தெரியாது.

பேட்டரியைக் கையோடு எடுத்துப் போங்கள். அதன் சாவி அலமாரிச் சாவி ரகம், ஸ்க்ரூடிரைவர் முன் நிற்காது.

எண்ணூர், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் திருடனுக்கு முன்னால் பூட்டைத் தின்பது உப்புக்காற்று. சாவித் துவாரம் எப்போதும் கீழே பார்க்கட்டும். துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகி உள்ளே பின்கள் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு தடவை டபிள்யூ.டி.40 ஸ்ப்ரே அடித்து அழுக்கை வடியவிட்டு, காய்ந்த பிறகு கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை. எண்ணெயையும் கிராஃபைட்டையும் கலந்தால் சேறுதான். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் இரண்டு தடவை செய்யுங்கள். செயினின் துணி உறை உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கழற்றிக் காயவையுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் மிதித்து வருபவனுக்கு, வந்து சேர்ந்த இடத்தில் சைக்கிளைக் கட்ட ஒரு கம்பி வளையம் கிடையாது. கட்டணப் பார்க்கிங் என்றாலும் டோக்கனுக்குப் பின்னால் ‘பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’. பிறகு பணம் எதற்கு?

மணிக்கு 25 கி.மீ. வேகம், 250 வாட் வரம்புக்குள் இருக்கும் சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது. தொலைந்தால் உங்களுடையது என்று காட்ட பில்லும் ஃபிரேம் எண்ணும்தான். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, துடைத்து, இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். பேட்டரியின் வரிசை எண்ணையும் அப்படியே. பூட்டோடு வரும் சாவி எண் தகட்டை வளையத்திலேயே தொங்கவிடாமல் வீட்டில் வையுங்கள்.