கடைசிச் சுற்றில் யாரை எடுப்பது? ஃபேன்டசி ஃபுட்பால்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க ஃபுட்பால் சீசனுக்கு முன்பு, ஆகஸ்ட் மாதத்தில் வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் டிராஃப்டைப் பற்றியவை. ஃபேன்டசி ஃபுட்பாலில், நிஜ என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட்டக்காரர்களை ஆளுக்கொருவராகச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து நம் கற்பனை அணியை அமைப்பதுதான் டிராஃப்ட்; அவர்கள் களத்தில் ஆடுவது நமக்குப் புள்ளியாகும். இந்த இதழில் ஒன்பதாம் சுற்றுக்குப் பிந்தைய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 12 அணிகள், 15 சுற்றுகள், முழு பிபிஆர் (ஒவ்வொரு பிடிக்கும் ஒரு புள்ளி) லீக். எட்டாம் சுற்று வரை தெளிவாக எடுக்கிறேன். அதன் பிறகு பெயர் தெரிந்த மூத்த ரிசீவர்களை (பாஸைப் பிடிப்பவர்கள்) எடுத்து பெஞ்சில் வைக்கிறேன். அக்டோபருக்குள் எல்லோரையும் விடுவித்துவிடுகிறேன். எங்கே தவறுகிறேன்? (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

நீங்கள் பயன்படுத்தும் அளவுகோலில்தான் கோளாறு. ஒரு மூத்த ரிசீவர் ஆட்டத்துக்கு 4 பந்து பிடித்து 45 யார்டு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடிக்கு 1, பத்து யார்டுக்கு 1 என்று பிபிஆரில் அது 4 + 4.5 = 8.5 புள்ளி. இதே 8.5 புள்ளிக்காரர்கள் நவம்பரிலும் வேவரில் (எந்த அணியிலும் இல்லாதவர்களின் பட்டியல்) கேட்பாரின்றிக் கிடப்பார்கள். எப்போதும் கிடைக்கிற சரக்குக்கு முன்பணம் கட்டுவது போல ஒரு சுற்றைச் செலவழிக்கிறீர்கள்.

பத்தாம் சுற்றுக்கு மேல் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கேள்விகள் போதும். ஒரே ஒரு விஷயம் நடந்தால் இவர் என் அணியில் வாராவாரம் இறங்குவாரா? அது நடக்கப்போவதில்லை என்பது எனக்கு எவ்வளவு சீக்கிரம் தெரியும்? முதலாவதற்கு ‘ஆம்’, இரண்டாவதற்கு ‘மூன்று வாரத்துக்குள்’ என்று பதில் வந்தால் அவர்தான் உங்கள் ஆள்.

2023-ல் பூக்கா நாகுவா லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு என்எஃப்எல் டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில், 177-ஆவது தேர்வாக வந்தவர். ஃபேன்டசி லீக்குகளில் பெரும்பாலோர் அவரைத் தொடவே இல்லை. ஆனால் ஆகஸ்டிலேயே அந்த அணியின் முதன்மை ரிசீவர் கூப்பர் கப்புக்குத் தொடைத் தசையில் காயம். அணியில் வேறு நிலையான ரிசீவரும் இல்லை. முதல் வாரமே நாகுவாவை நோக்கி 15 பந்துகள் வீசப்பட்டன. 10 பிடித்து 119 யார்டு எடுத்தார். சீசன் முடிவில் 105 பிடிகள், 1,486 யார்டு, 6 டச் டவுன் (தலா 6 புள்ளி). பிடிகளில் வந்த புள்ளியை மட்டும் கூட்டினாலே 289.6; ஆட்டத்துக்கு 17 புள்ளி. இப்படி ஒருவர் வெடிப்பார் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த இடம் காலியாக இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்த விஷயம். காலி இடத்தைத் தேடுங்கள். திறமை பிறகு தானே தெரியவரும்.

ரன்னிங் பேக்கில் (பந்தோடு ஓடுபவர்) தேட வேண்டியது ஆட்டம் காணும் நாற்காலியை. 2023-ல் டாம்பா பே அணியின் ரஷாட் வைட் 272 முறை ஓடி 990 யார்டு எடுத்தார், ஓட்டத்துக்கு 3.6 யார்டுதான். அடுத்த ஆண்டு அதே அணி என்எஃப்எல் டிராஃப்டின் நான்காம் சுற்றில் பக்கி எர்விங்கை எடுத்தது. முதல் ஆண்டிலேயே எர்விங் 1,122 யார்டு ஓடினார். முன்னால் இருப்பவரின் சராசரி 4-க்குக் கீழே, பின்னால் புதிதாக ஒருவர் என்றால் அந்தப் புதியவரைக் குறித்துக்கொள்ளுங்கள். 2024-ல் கரோலினாவின் சூபா ஹப்பர்ட் வேறு வகை. அணி இரண்டாம் சுற்றில் எடுத்த ஜொனாதன் புரூக்ஸ் முழங்கால் அறுவையிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். ஆகவே முதல் பாதி சீசன் ஹப்பர்டுக்கு உறுதி. ‘பின்னால் இடம் போய்விடும்’ என்று பயந்து பலர் விட்டுவிட்டார்கள். அவர் 1,195 யார்டு ஓடினார்.

சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் (ப்ரீசீசன்) யார்டைப் பார்க்காதீர்கள். யாரோடு ஆடினார் என்று பாருங்கள். முதல் நிலை குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) களத்தில் இருக்கும்போது இறங்குகிறாரா? நான்காம் கால்பகுதியில், வேலை தேடும் ஆட்டக்காரர்களுக்கு எதிராக 80 யார்டு ஓடியதற்கு மதிப்பு குறைவு. இன்னொரு நல்ல அறிகுறி உண்டு. மூன்றாவது ப்ரீசீசன் ஆட்டத்தில் முக்கியமானவர்களுக்கு ஓய்வு கொடுப்பார்கள். அன்று உங்கள் இளம் ரன்னிங் பேக்குக்கும் ஓய்வு கொடுத்தால், பயிற்சியாளர் மனதில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. பயிற்சியாளர் பேட்டியில் கொட்டும் புகழ்ச்சியைவிட இது நம்பகமானது.

கணக்கு ஒன்றும் இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகும் டிராஃப்டில் நீங்கள் முதல் இடத்திலிருந்து தேர்ந்தெடுப்பவர் என்றால் உங்கள் முறை 120, 121, பிறகு 144, 145. நடுவில் 22 பேர் போய்விடுவார்கள். சராசரியாக 135-இல் எடுக்கப்படும் ஒருவர் உங்களுக்கு வேண்டுமானால் 121-லேயே எடுத்தாக வேண்டும். ‘இவ்வளவு முன்னாடியா?’ என்று தயங்கினால் அவர் உங்களுக்கு இல்லை. ஓர் அணிக்கு ஆட்டமில்லாத ‘பை’ வாரம் எது என்பதைக் கடைசிச் சுற்றுகளில் யோசிக்கவே வேண்டாம். அந்த வாரம் வரும்போது இவர்களில் பாதிப் பேர் உங்களிடம் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: என் முதல் ரன்னிங் பேக்குக்கு மாற்றாக அவருடைய அணியிலேயே இரண்டாமவரை எடுத்து வைப்பது நல்லதா? (வாசகி, பிளேனோ, டெக்சஸ்)

இதற்குத்தான் ஹேண்ட்கஃப் என்று பெயர். சீசன் தொடக்கத்தில் எங்கள் யோசனை: அடுத்தவருடைய ஹேண்ட்கஃபை எடுங்கள். உங்கள் நட்சத்திரத்துக்கு அடிபட்டு அவருடைய மாற்று இறங்கினால், இழந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். இன்னொருவருடைய நட்சத்திரத்துக்கு அடிபட்டு அவருடைய மாற்று உங்களிடம் இருந்தால், உங்கள் அணி ஒரு ஆள் கூடுதலாகிறது. பெஞ்ச் ஆறு இடம்தான். அதில் காப்பீடு வாங்குவதைவிட வளர்ச்சிக்கு இடம் கொடுப்பது மேல். 13-ஆம் வாரம் நெருங்கும்போது கணக்கு மாறும். பிளேஆஃப் (லீக்கின் இறுதிக் கட்டம்) இடம் உறுதியான பிறகு உங்கள் சொந்த ஹேண்ட்கஃபை வேவரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரை எடுத்தாலும், உண்மையான இரண்டாமவர் யார் என்பதை ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். 2024-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி பெரும்பாலான லீக்குகளில் முதல் தேர்வு. அவருக்கு மாற்று எலைஜா மிட்செல் என்றே பலர் நினைத்தார்கள். மிட்செல் தொடைத் தசைக் காயத்தால் ஆகஸ்ட் இறுதியிலேயே காயப்பட்டியலுக்குப் போய்விட்டார். முதல் வாரம் மெக்காஃப்ரி ஆடவில்லை. ஜெட்ஸுக்கு எதிராக ஜோர்டன் மேசன் 28 முறை ஓடி 147 யார்டு எடுத்தார். அந்த சீசனில் மெக்காஃப்ரி ஆடியது மொத்தம் 4 ஆட்டம். ஜூலையில் அச்செடுத்த பட்டியலை வைத்து டிராஃப்ட் செய்தவர்கள் கையில் இருந்தது தவறான ஹேண்ட்கஃப்.

மாற்று வேலை இரண்டு மூன்று பேருக்குப் பங்கு பிரியும் அணிகளை விட்டுவிடுங்கள். முதலாமவர் விழுந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஆட்டத்துக்கு எட்டு ஓட்டம்தான்.

கேள்வி: கிக்கர் (பந்தை உதைப்பவர்), டிஃபென்ஸ் (ஓர் அணியின் மொத்தத் தற்காப்பு) எந்தச் சுற்றில்? (வாசகர், சார்லட், வட கரோலினா)

கடைசி இரண்டில். பன்னிரண்டாம் சுற்றில் ‘நல்ல டிஃபென்ஸ்’ எடுப்பது லீக்குகளில் அதிகம் நடக்கும் வீண்செலவு.

டிஃபென்ஸை முழு சீசனுக்கு எடுக்க வேண்டாம். முதல் மூன்று வார எதிரணிகளைப் பார்த்து எடுங்கள். புதுமுக அல்லது மாற்று குவார்ட்டர்பேக், காயம்பட்ட ஆஃபென்சிவ் லைன் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசை), சொந்த மைதானம்: இதில் இரண்டு பொருந்தினால் போதும். சாக் (குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), இன்டர்செப்ஷன் (பாஸைப் பறிப்பது) எல்லாம் எதிரணியின் பலவீனத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. மூன்று வாரம் கழித்து வேறொன்றுக்கு மாறுங்கள்.

கிக்கருக்கு: எதிர்முனை வரை பந்தைக் கொண்டுபோகிற அணி, கூரை போட்ட மைதானம், போட்டியில்லாத வேலை. டல்லாஸின் பிராண்டன் ஆப்ரி 2023-ல் என்எஃப்எல்லுக்கே புதியவர், முன்பு சாக்கர் ஆடியவர். முதல் 35 ஃபீல்டு கோல்களையும் தொடர்ச்சியாக அடித்தார். கிக்கர் எங்கிருந்து வேண்டுமானாலும் வருவார் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை.

டிராஃப்ட் ஆகஸ்ட் நடுவிலேயே நடந்தால், உங்கள் லீக் விதி அனுமதிக்கும்பட்சத்தில், கிக்கரையும் டிஃபென்ஸையும் எடுக்காமலே முடியுங்கள். அந்த இரண்டு இடத்தில் இரண்டு ஹேண்ட்கஃப் எடுத்து வையுங்கள். ப்ரீசீசனில் யாருக்காவது காயம் பட்டால் லாபம். இல்லாவிட்டால் முதல் வியாழக்கிழமை ஆட்டத்துக்கு முன் அவர்களை விட்டுவிட்டு கிக்கரும் டிஃபென்ஸும் சேர்த்துக்கொள்ளலாம். சில தளங்களில் டிராஃப்ட் முடிவதற்குள் எல்லா இடமும் நிரம்பியாக வேண்டும். அமைப்புப் பக்கத்தை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

கேள்வி: குவார்ட்டர்பேக்கைக் கடைசி வரை விடலாமா? (வாசகர், இர்வைன், கலிஃபோர்னியா)

ஒரே குவார்ட்டர்பேக் இறங்கும் லீக்கில் தாராளமாக. ஆனால் கால்பலம் உள்ளவராகப் பாருங்கள். 2019-ல் லமார் ஜாக்சன் பிந்தைய சுற்றுகளில் கிடைத்தார். அந்த ஆண்டு 1,206 யார்டு ஓடினார். அது 120.6 புள்ளி, பாஸில் ஒரு டச் டவுனுக்கு 4 புள்ளி என்றால் 30 டச் டவுனுக்குச் சமம். ஓடாத குவார்ட்டர்பேக் இந்தப் பள்ளத்தை நிரப்ப 2024-ல் பேக்கர் மேஃபீல்டு போல 41 டச் டவுன் வீசியாக வேண்டும். அவரும் அந்த ஆண்டு தாமதமாகக் கிடைத்தவர்தான், ஆனால் அப்படி அமைவது அபூர்வம்.

இரண்டாவது குவார்ட்டர்பேக், இரண்டாவது டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதோடு பாஸும் பிடிப்பவர்) இரண்டும் வேண்டாம்.

கேள்வி: காயத்தில் இருக்கும் பெரிய ஆட்டக்காரர் 13-ஆம் சுற்றிலும் கிடைக்கிறார். எடுக்கலாமா? (வாசகி, நேப்பர்வில், இல்லினாய்)

உங்கள் லீக்கில் ஐஆர் இடம் (காயம்பட்டவருக்கான தனி இடம்) இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் எடுங்கள். சீசன் தொடக்கத்தில் பப் பட்டியலில் (காயத்தால் இன்னும் ஆடத் தயாராகாதவர்கள்) இருப்பவர் குறைந்தது 4 ஆட்டம் ஆட முடியாது. அவரை ஐஆர் இடத்துக்கு மாற்றிவிட்டு, காலியான பெஞ்ச் இடத்தில் வேவரிலிருந்து இன்னொருவரைச் சேர்க்கலாம். ஒரு சுற்றுக்கு இரண்டு பேர்.

தவறு நடக்கும் இடம் இரண்டு. ‘சந்தேகம்’ என்ற நிலையில் இருப்பவரைப் பொதுவாக ஐஆர் இடம் ஏற்காது. அவர் பெஞ்சை அடைத்துக்கொள்வார். இரண்டாவது, அவர் குணமாகிப் பட்டியலிலிருந்து வெளியே வந்த பிறகும் ஐஆரிலேயே வைத்திருந்தால் பல தளங்கள் ஆள் சேர்க்கவே விடாது. ஞாயிறு காலை அவசரமாக ஒருவரைத் தேடும்போதுதான் இது தெரியவரும். செவ்வாய்க்கிழமையே யாரை விடுவது என்று முடிவு செய்துவிடுங்கள். ஐஆர் இடம் இல்லாத லீக்கில் இவரைத் தொட வேண்டாம். ஆறில் ஒரு பெஞ்சை ஒரு மாதம் பூட்டி வைப்பது அதிக விலை.

கேள்வி: எங்கள் லீக்கில் 8 பேர்தான். இதே விதிகள் பொருந்துமா? (வாசகர், பெல்வியூ, வாஷிங்டன்)

1963-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் நடந்த முதல் ஃபேன்டசி டிராஃப்டிலும் 8 அணிகள்தான். அங்கே 20 சுற்றுகள். உங்கள் லீக்கில் 15 சுற்று என்றால் 120 பேர்தான் போவார்கள். வேவரிலேயே வாராவாரம் இறக்கக்கூடியவர்கள் இருப்பார்கள். எனவே ஹேண்ட்கஃபுக்கும் ‘பாதுகாப்பான’ ஆட்டக்காரருக்கும் இடமே இல்லை. என்எஃப்எல் அணிகள் தங்கள் டிராஃப்டின் முதல் மூன்று சுற்றுகளில் எடுத்த புதுமுக ரிசீவர்களைக் கொண்டு உங்கள் கடைசிச் சுற்றுகளை நிரப்புங்கள். 14 அணி லீக்கில் இதற்கு நேர் எதிர். 210 பேர் போய்விடுவதால், ஆட்டத்துக்குப் பத்து பந்து உறுதியாகப் பெறும் சுமாரான ரன்னிங் பேக்குக்குக்கூட அங்கே மதிப்பு உண்டு.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை நண்பர்களின் லீக்கில் சேர்ந்திருக்கிறேன். இங்கிருந்து நேரம் எப்படிப் பார்ப்பது? (வாசகர், துரைப்பாக்கம், சென்னை)

ஞாயிறு முதல் ஆட்டங்கள் இந்திய நேரம் இரவு 10.30-க்கு, நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து 11.30. யார் ஆடவில்லை என்ற பட்டியல் 90 நிமிடம் முன்பு வரும், அதாவது 9 மணிக்கு (நவம்பர் மாற்றத்துக்குப் பின் 10 மணிக்கு). பெஞ்சைச் சரிசெய்ய அதுவே வசதியான நேரம். வியாழன் இரவு ஆட்டம் உங்களுக்கு வெள்ளி காலை 5.45, நவம்பர் மாற்றத்துக்குப் பின் 6.45. அதில் ஆடுபவரை இறக்குவதா என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: முதல் வாரம் முடிந்ததும் கடைசிச் சுற்று ஆட்களில் யாரை முதலில் விடுவது? (வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

புள்ளியைப் பார்க்காமல் ஸ்னாப் எண்ணிக்கையை (எத்தனை ஆட்ட முறைகளில் களத்தில் இருந்தார் என்பதை) பாருங்கள். அணியின் பாஸ் ஆட்டங்களில் பாதிக்கும் குறைவாக ஓடிய ரிசீவர், ஒரே நீண்ட டச் டவுனால் 12 புள்ளி எடுத்திருந்தாலும், முதலில் விட வேண்டியவர் அவர்தான். 75 சதவீதம் களத்தில் இருந்து 3 புள்ளி எடுத்தவரை இன்னும் இரண்டு வாரம் வைத்திருங்கள். முன்னால் இருப்பவர் நலமாக இருப்பதால் சும்மா உட்கார்ந்திருக்கும் ஹேண்ட்கஃபை முதல் வாரத்தில் விடாதீர்கள். அவரை எடுத்த காரணம் இன்னும் மாறவில்லை. புதுமுக ரிசீவருக்கு மட்டும் பொறுமை அதிகம் வேண்டும். டெட்ராய்டின் அமோன்-ரா செயின்ட் பிரவுன் 2021-ல் கடைசி ஆறு ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் 8 பந்துக்குக் குறையாமல் பிடித்தார். அதற்கு முன்பே வேவருக்குப் போயிருந்தார், பல லீக்குகளில்.