‘வராவிட்டால் ராஜினாமா’ என்று நிறுவனம் சொல்ல முடியுமா?

கேள்வி: சென்னையில் ஒரு விஎஃப்எக்ஸ் (கணினி வழிக் காட்சி விளைவுகள்) ஸ்டூடியோவில் 2021 ஜூன் 14 அன்று, தனித்தனியாக எடுத்த படங்களை ஒரே காட்சியாக இணைக்கும் கம்பாசிட்டிங் ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்தேன். அன்றிலிருந்தே திருமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்துதான் வேலை. வாரம் ஆறு நாள், சம்பளம் 48,000 ரூபாய். பதவிப் பெயர் ‘லீட்’. ஆனால் என் கீழ் யாரும் இல்லை. நியமனக் கடிதத்தில் ‘பணியிடம் சென்னை, மறு அறிவிப்பு வரும்வரை வீட்டிலிருந்து பணி’ என்று இருக்கிறது. 2023 இறுதியில் குழந்தை பிறந்தது. பேறுகால விடுப்பு முடிந்தபோது, ‘குழந்தை கொஞ்சம் வளரும்வரை வீட்டிலிருந்தே தொடரலாம்’ என்று சூபர்வைசர் மெயில் அனுப்பினார். இப்போது ஜனவரி 16 அன்று எச்.ஆர். மெயில் வந்திருக்கிறது. பிப்ரவரி 1 முதல் எல்லோரும் ஆபீஸ் வர வேண்டுமாம், வராதவர்கள் ராஜினாமா செய்ததாகக் கருதப்படுவார்களாம். போனில் கேட்டால், ‘ராஜினாமா கொடுத்துவிட்டு கன்சல்டன்டாக வீட்டிலிருந்தே செய்யுங்கள், அதே பணம்தான்’ என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். அதிலும் பிப்ரவரி 8-க்கு முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தத் தேதி ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்களுக்குச் சாதகமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து வேலை செய்வதை ஊழியரின் பொதுவான உரிமையாக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. உங்கள் கடிதத்திலும் பணியிடம் சென்னை என்றுதான் இருக்கிறது. ஆகவே ஆபீசுக்குக் கூப்பிடுவதையே சட்டவிரோதம் என்று வாதாடினால் தோற்பீர்கள்.

ஆனால் ‘ராஜினாமா செய்ததாகக் கருதுவோம்’ என்பது வேறு விஷயம். ராஜினாமா என்பது ஊழியர் தானாக எடுக்கும் முடிவு. அவர் எடுக்காத முடிவை நிறுவனம் அவர் தலையில் கட்ட முடியாது. வேலைக்கு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, விசாரணையே இல்லாமல் தானாகப் பணி முடிந்துவிட்டது என்று அறிவிப்பது இயற்கை நீதிக்கு எதிரானது என்று டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவு இன்னும் தெளிவானது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கு ஈடான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. உங்களுக்குப் பொருந்தும்.

கலைத் துறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தொழிலாளர் சட்டங்களின் முழுப் பாதுகாப்பு ‘தொழிலாளி’க்குத்தான்; 41-வது பிரிவுக்கோ ஊழியராக இருந்தாலே போதும். உடலுழைப்பு, திறன், தொழில்நுட்பம், எழுத்தர் பணி என்று அந்த வரையறையில் சில வகை வேலைகளே உண்டு. படைப்புப் பணி அதில் இல்லை. டி.பி. ஸ்ரீவஸ்தவா வழக்கில், விற்பனையைப் பெருக்கும் வேலைக்குக் கற்பனையும் படைப்பு மனமும் வேண்டும் என்பதால், அந்த வேலையில் இருந்த ஒரு விற்பனை ஊழியரைத் தொழிலாளி அல்ல என்றது உச்ச நீதிமன்றம். அதை வைத்து ஸ்டூடியோக்கள் ‘நீங்கள் கலைஞர், தொழிலாளி அல்ல’ என்று வாதாடும். வேலை வாங்கும்போது ஒரு நாளைக்கு இத்தனை ஷாட் என்று கணக்குப் பார்ப்பவர்கள், பாதுகாப்பு கேட்டால் மட்டும் கலைஞர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பச்சைத் திரையை நீக்குவது, முடி ஓரத்தில் தெரியும் பச்சையைச் சுத்தம் செய்வது, வேறு விளக்கொளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றாகப் பொருத்துவது, சூபர்வைசர் கரெக்‌ஷன் சொன்னால் மறுபடி ரெண்டர் போடுவது (காட்சியைக் கணினியில் மீண்டும் உருவாக்குவது): இதெல்லாம் தொழில்நுட்பத் திறன் சார்ந்த வேலை என்று தைரியமாக வாதாடலாம். பதவிப் பெயரை நீதிமன்றம் பார்க்காது, அன்றாடம் என்ன செய்கிறீர்கள் என்றுதான் பார்க்கும். மாதச் சம்பளம் 18,000 ரூபாயைத் தாண்டினால் தொழிலாளி அல்ல என்ற உச்சவரம்பு மேற்பார்வை செய்பவர்களுக்குத்தான். உங்கள் கீழ் யாரும் இல்லாததால் 48,000 சம்பளம் தடையாகாது.

தொழிலாளி என்று நிறுவிவிட்டால் இன்னொரு ஆயுதமும் கிடைக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 40-வது பிரிவுப்படி, வழக்கமாக இருந்துவரும் சலுகையைப் பறிக்க 21 நாள் நோட்டீஸ் வேண்டும். ஜனவரி 16-லிருந்து பிப்ரவரி 1 வரை எண்ணிப் பாருங்கள், போதாது. நான்கரை ஆண்டு நீடித்தது வழக்கமான சலுகையா, தற்காலிக ஏற்பாடா என்பதில் அவர்கள் பக்கமும் வாதம் உண்டு. அதனால் இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

சூபர்வைசரின் மெயில்தான் உங்கள் கையில் உள்ள மிகச் சிறந்த தாள். பேறுகாலத்துக்குப் பின் இருவரும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து பணிபுரிய 2017 முதல் சட்டத்திலேயே இடம் உண்டு. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ‘கொஞ்சம் வளரும்வரை’ என்பதற்குக் காலக்கெடு இல்லை என்பது பலவீனம். ஆனாலும் இரண்டே வயதுக் குழந்தை வளர்ந்துவிட்டது என்று அவர்கள் சொல்வது எளிதல்ல. கூடவே ஒன்று கேளுங்கள்: ஆபீசில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா? 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது சட்டக் கடமை. தாயை ஆபீசுக்கு அழைக்கும் நிறுவனம் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிளையன்ட் பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் சங்கமான எம்.பி.ஏ.வின் டி.பி.என். தணிக்கையை (படங்கள் கசியாமல் ஸ்டூடியோ பாதுகாக்கிறதா என்ற சோதனையை) காட்டுவார்கள். படம் கசிந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தச் சங்கத்தின் பாதுகாப்பு நெறிமுறைகளிலேயே தொலைதூரப் பணிக்கான விதிகளும் உண்டு. எந்த கிளையன்ட், எந்த ஒப்பந்தம் தடுக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி கன்சல்டன்ட் விவகாரம். அதே பணம் இல்லை அது. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு நிற்கும், சம்பளத்தோடு கூடிய விடுப்பும் கிராஜுவிட்டியும் 41-வது பிரிவும் போய்விடும். அடுத்த மாதம் ப்ராஜெக்ட் இல்லை என்றால் உங்களைக் கூப்பிடாமல் விட்டால் போதும். ஊழியராக நீங்கள் செய்த வேலையின் காப்புரிமை நிறுவனத்துடையது; கன்சல்டன்ட் ஆன பிறகும் எல்லாவற்றையும் நிரந்தரமாக எழுதி வாங்கும் ஷரத்து வரும், ஷோரீலில் (வேலை தேடும்போது காட்டும் மாதிரித் தொகுப்பில்) வைக்கக்கூடத் தடை இருக்கலாம். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை யாரிடமாவது காட்டுங்கள்.

பிப்ரவரி 8-க்கு வருகிறேன். கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஐந்தாவது ஆண்டில் 240 நாள் முடித்தாலே ஐந்து ஆண்டாகக் கொள்ள வேண்டும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வார விடுமுறையையும் சேர்த்து எண்ணினால் உங்களுக்கு அது பிப்ரவரி 8. சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அத்தனை நாள் தள்ளிப் போகும். கிராஜுவிட்டிக்கான சம்பளம் உங்கள் மொத்தச் சம்பளத்தில் பாதி, அதாவது 24,000 என்று வைத்தாலும் 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஐந்து ஆண்டுக்குச் சுமார் 69,000 ரூபாய். பிப்ரவரி 1-க்குள் ராஜினாமா கேட்பதில் போகக்கூடியது இந்தப் பணம்.

இன்றே மெயில் போடுங்கள். இப்படி எழுதினால் போதும்: ‘நான் ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. வழக்கம்போல் தினமும் பணிக்குத் தயாராக இருக்கிறேன். குழந்தை தொடர்பாக நீங்கள் அளித்த ஒப்புதலை இணைத்துள்ளேன். ஆபீஸ் வருவது பற்றிப் பேசவும், இடம் மாற மூன்று மாத அவகாசம் தரவும் வேண்டுகிறேன்.’ மாதம் சில நாள் சென்னை வர முடியும் என்றால் அதையும் சேருங்கள். முடியவே முடியாது என்பவரைவிட வழி தேடுபவர் பக்கம், பின்னால் விசாரிக்கும் அதிகாரியின் மனம் சாயும். தினமும் லாகின் செய்யுங்கள். உள்ளே விடவில்லை என்றால் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

நீக்கினால், 41-வது பிரிவின்படி தொழிலாளர் துறை மேல்முறையீட்டு அதிகாரியிடம் ஒரு மாதத்துக்குள் போங்கள். நியமனக் கடிதம், இந்த இரண்டு மெயில்கள், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை இப்போதே பிரின்ட் எடுத்து வையுங்கள். ஷாட் ஃபைல், கிளையன்ட் படம் எதையும் மட்டும் உங்கள் கணினிக்கு மாற்றிவிடாதீர்கள். ரகசியத்தை மீறினார் என்று அதையே நீக்குவதற்கான நியாயமான காரணமாகக் காட்டிவிடுவார்கள்.