வீட்டைவிட்டு வெளியேறிய கதையை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

நிம்மதியில்லாத வீட்டைவிட்டு வெளியேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, இப்போது சொந்தக் காலில் நிற்கிறேன், இதை நினைவுக்குறிப்பு நூலாக எழுத ஆசை, எங்கே தொடங்குவது, வீட்டாரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வெளியேறிப் பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதைப் பற்றிய நூலை ஆறு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை. என் சொல்லுக்கு அந்த அளவு மதிப்புக் கொடுத்தால் போதும்.

வெளியேறிய இரவிலிருந்து தொடங்காதீர்கள். எல்லோருக்கும் அங்கேதான் கை போகும், எனக்கும் போனது. பையின் ஜிப் சத்தம் போடக்கூடாதென்று மூன்று நாட்களாக அதன் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கியது என்று நாற்பது பக்கம் ஒரே மூச்சில் ஓடியது. நாற்பத்தோராம் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. ஓடுகிறவள் யார், எதை விட்டு ஓடுகிறாள், அவ்வளவு மோசமான வீட்டில் அத்தனை காலம் ஏன் இருந்தாள் என்று படிப்பவர் கேட்டால் அந்த நாற்பது பக்கத்தில் பதிலே கிடையாது.

இரண்டாவது வரைவு ஒரு குற்றப்பத்திரிகை. அப்பா செய்தவை, வருட வாரியாக. எழுத எழுதச் சுகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தோழி படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "நூற்றிருபது பக்கத்தில் உங்கள் அப்பா ஒரு தடவைகூட உட்காரவில்லையே, ஏன்?"

உண்மைதான். என் எழுத்தில் அவர் எப்போதும் வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தார். வாழ்க்கையில் உட்கார்ந்திருக்கிறார். பழுதான ரேடியோவைத் தரையில் பிரித்துப் போட்டு, திருகாணிகளைத் தீப்பெட்டி மூடியில் அளவு வாரியாக அடுக்கி, என்னை டார்ச் பிடிக்கச் சொல்வார். வெளிச்சம் ஆடாமல் இருந்தால் நிமிர்ந்து பார்க்காமலே "ம்" என்பார். அந்த "ம்"முக்காக நான் கை மரத்துப்போகும் வரை டார்ச் பிடித்திருக்கிறேன். அத்தனை காலம் ஏன் இருந்தேன் என்ற கேள்விக்குப் பதில் அதில்தான் இருந்தது. திருகாணிகளைப் பற்றி எழுதிய வாரத்தில்தான் நான் முதல்முறையாக அழுதேன். குற்றப்பத்திரிகை எழுதியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

ஆகவே உங்கள் கோபத்தோடு ஒட்டாத ஒரு காட்சியைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். அதற்காக அவர்களை மன்னிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னிப்பு வேறு விவகாரம். நான் இன்னும் அந்தப் பக்கமே போகவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அப்பாவைப் பற்றி ஒரு வினைச்சொல் எழுத வேண்டுமென்றால்கூட விகுதியில் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அடித்தாரா, அடித்தானா? அந்தக் குற்றப்பத்திரிகை முழுக்க "அடித்தான்", "கத்தினான்". முப்பது வயதுக்காரியின் கோபம் அது. எட்டு வயதுக் குழந்தை அப்படி நினைத்திருக்கவே முடியாது. பிறகு எல்லாவற்றையும் "ஆர்" விகுதிக்கு மாற்றினேன். "அவர் மெதுவாக பெல்ட்டைக் கழற்றினார்" என்ற வாக்கியம் அந்த மரியாதையோடு நின்றபோது எனக்கே முதுகு சில்லிட்டது. அந்த வீட்டில் பயமும் மரியாதையும் ஒரே விகுதியில்தான் இருந்தன. அம்மாவுக்கு மட்டும் "சொன்னாள்" என்று வைத்திருக்கிறேன். அது ஏன் அப்படி வந்தது என்பதே தனி அத்தியாயமாகிவிட்டது.

நினைவை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த சிக்கல். 1974-இல் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் மோதியபோது என்ன வேகம் என்றும், சிலரிடம் மோதி நொறுங்கியபோது என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டவர்களில் 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். "மோதிய" என்று கேட்டவர்களில் 7 பேர்தான். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. நாம் பல ஆண்டுகளாக நமக்கே சொல்லிக்கொள்ளும் கதையில் எந்தச் சொல்லை வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அன்றிரவு எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நான் சத்தியம் செய்வேன். அம்மாவின் அறையில் விளக்கு எரிந்தது என்கிறாள் அக்கா. இருவரில் யார் சரி என்று தீர்ப்பெழுதாமல் இரண்டையும் நூலில் வைத்துவிட்டேன். மறந்துபோன உரையாடலை மேற்கோள்குறிக்குள் புதிதாகக் கட்டாதீர்கள். "என்ன சொன்னார் என்பது நினைவில்லை, குரல் தாழ்ந்திருந்தது" என்று எழுதினால் படிப்பவர் உங்களைக் கூடுதலாகவே நம்புவார்.

கட்டியெழுப்பிய வாழ்க்கையை எழுதுவதுதான் உண்மையில் கடினம். அங்கே வில்லன் கிடையாது. வேலை கிடைத்தது, வாடகை கட்டினேன், படித்தேன் என்று எழுதினால் வேலைக்கான விண்ணப்பம் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்குக் கை கொடுத்தது ஒரு கண்ணாடி டம்ளர். வெளியேறிய ஐந்தாம் மாதம், அறைத்தோழியின் டம்ளரைக் கை தவறிப் போட்டு உடைத்துவிட்டேன். என் முதுகு தானாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவள் உள்ளேயிருந்து, "செருப்புப் போட்டுக்கொண்டு நட, காலில் குத்திவிடும்" என்றாள். துடைப்பத்தை எடுத்து வந்து பெருக்கினாள். பிறகு வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டாள். நான் வெகுநேரம் அந்தச் சுவரோரமே நின்றிருந்தேன், எதற்காகக் காத்திருக்கிறேன் என்று தெரியாமல். சம்பளம் உயர்ந்தது, பட்டம் வாங்கியது எல்லாம் நூலில் இரண்டு வரி. டம்ளருக்கு ஆறு பக்கம்.

வீட்டாரைப் பற்றி எழுதலாமா என்ற கேள்விக்கு: எழுதலாம், ஆனால் எழுதுவதையும் வெளியிடுவதையும் பிரித்து வையுங்கள். எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. வெளியிடும்போது, பெயரை மாற்றினால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். பெயர் இல்லாமலே ஆளை அடையாளம் காண முடிந்தால் அவதூறு வழக்குத் தொடுக்க அதுவே போதும் என்பதுதான் பல நாடுகளில் சட்டநிலை. அச்சுக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அக்காவுக்கு நேர்ந்த ஒன்றை நான் எழுதியிருந்தேன். அவளிடம் காட்டினேன், வேண்டாம் என்றாள், எடுத்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம்தான், நல்ல பக்கங்கள் அவை. இதையெல்லாம்விட முக்கியம்: யாராவது இன்னும் உங்களைத் தேடிக்கொண்டிருந்தால், நீங்கள் இருக்கும் ஊர், வேலை, தினமும் போகும் வழி எதுவும் அதில் தெரியக்கூடாது.

எழுதினால் மனம் லேசாகும் என்று பலர் சொல்வார்கள். உடனே ஆகாது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான அனுபவத்தைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது என்பது பிறகு தெரிய வந்த விஷயம். கவனியுங்கள், 15 நிமிடம். நான் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மூன்று மணி வரை எழுதி, ஒரு மாதம் தூக்கத்தைத் தொலைத்தவள். இப்போது பகலில் மட்டும், கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுதி முடித்து எழுந்ததும் பாத்திரம் கழுவுகிறேன். பழைய பயம் பகலிலும் தொடர்ந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள், நூல் எங்கும் போய்விடாது.

இரண்டு ஆண்டுகள்தானே ஆகின்றன, அவசரப்படவும் வேண்டாம். குடிகார அப்பாவோடும் வறுமையோடும் கழிந்த குழந்தைப் பருவத்தை ஐரிஷ்-அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் மெக்கோர்ட் நூலாக வெளியிட்டது 1996-இல், தம் 66-ஆம் வயதில். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. எழுதத் தயாராகும் வரை குறிப்பு மட்டும் எடுத்து வையுங்கள்: வீட்டில் எந்தப் படி சத்தம் போடும், யார் சாவியை எங்கே மாட்டுவார்கள் என்பது மாதிரியான சில்லறை விஷயங்கள். பெரியவை மறக்காது. இவைதான் முதலில் அழிந்துபோகும்.

வெளியேறிய அந்த இரவு இப்போது என் கையெழுத்துப் பிரதியில் பதினோராம் அத்தியாயம். ஒன்றேகால் பக்கம்தான் இருக்கிறது. மெழுகுவர்த்தியை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.