சம்பளம் இல்லாத வேலைக்குப் போகலாமா? கேள்வி பதில்

ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது. வேலை தேடும் தம்பி தங்கைகள் கேட்டவற்றுக்கு, தெரிந்தவரை பதில்.

படிப்பு முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு நிறுவனம் ஆறு மாதம் சம்பளமில்லாமல் இன்டர்னாக வரச் சொல்கிறது. வீட்டில் சும்மா இருப்பதற்குப் போகலாமே என்கிறார்கள். போகலாமா?

அங்கே என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டீர்களா? ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் அவர்கள் வேலை நின்றுபோகும் என்றால், நீங்கள் வேலைக்காரர். அதற்குக் கூலி உண்டு. ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் செய்ததைத் திருத்திச் சொல்லித் தருகிறார் என்றால்தான் அது பயிற்சி. அப்படியானால் ஒரு மாதம் போய்ப் பாருங்கள். ஆறு மாதம் ரொம்ப அதிகம். அமெரிக்க நீதிமன்றங்களும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கின்றன: ஏற்பாட்டால் அதிகப் பயன் இன்டர்னுக்கா, முதலாளிக்கா? பிரான்சில் மாணவர் பயிற்சி இரண்டு மாதத்தைத் தாண்டினால் பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

என் நண்பன் அப்படிப் போய்த்தான் வேலை வாங்கினான். நான் வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியவன். என்னால் முடியாதே?

உங்கள் மேல் தப்பு இல்லை. சம்பளமில்லாத ஆறு மாதத்துக்கும் யாரோ சாப்பாடு போட்டிருக்கிறார்கள். அவனுக்கு அவன் அப்பா. இந்த வழியில் வடிகட்டப்படுவது திறமை அல்ல, வீட்டு வசதி. வெள்ளை மாளிகையே 2022-இல்தான் இன்டர்ன்களுக்குப் பணம் தர ஆரம்பித்தது. அதற்கு முன் அங்கே யாரால் போக முடிந்திருக்கும் என்று யோசியுங்கள். நீங்கள் கிடைத்த சம்பள வேலையைச் செய்யுங்கள், துறை வேறாக இருந்தாலும் பரவாயில்லை. கூடவே, உங்கள் துறையில் நீங்களே செய்த ஒன்றிரண்டு சின்ன வேலைகளைக் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆள் எடுக்கும்போது அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

வாரத்தில் சில மணி நேரம் டெலிவரி வேலை. நான் வேலையில்லாதவன் கணக்கில் வருவேனா?

வரமாட்டீர்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில் வாரத்தில் ஒரு மணி நேரம் காசுக்கு வேலை செய்தாலே வேலையில் இருப்பவர். 2023-இல் 15 முதல் 24 வயதுக்குள் வேலை செய்பவர்கள், வேலை தேடுபவர்கள் எல்லோரையும் சேர்த்தால் அதில் உலக அளவில் 13 சதவீதம் பேர் வேலையில்லாதவர்கள் என்றது அந்த அமைப்பு. உங்களைப் போன்றவர்கள் அதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 2013-இல் வகுத்த வரையறைப்படி சம்பளமில்லாப் பயிற்சி 'வேலையில் இருப்பது' என்ற வகையிலேயே சேராது!

பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள்.

நான்கு மாதமாகச் சம்பளமில்லாமல் செய்கிறேன். எப்படிக் கேட்பது?

இதுவரை செய்து கொடுத்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, "அடுத்த மாதத்திலிருந்து எவ்வளவு தருவீர்கள்?" என்று மெயிலில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால், அன்றைக்கே வேறு இடம் தேட ஆரம்பித்துவிடுங்கள்.