கடல்மேல் தாழ்மேகங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

கடல் சூடாகும்போது தாழ்மேகம் குறைந்து வெப்பத்தை மேலும் கூட்டும் என்று நான் சொல்லிவருவது பற்றிப் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கடல்மேல் மேகங்களும், காலநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகளும் என் துறை. நாளைய மழை என் துறையன்று. 'மேகம்' என்று மொட்டையாகக் கேட்பவர்களிடம், தாழ்மேகமா உயர்மேகமா என்று திருப்பிக் கேட்பேன்.

சுங்கை ஆரா ஆசிரியை: கடல் சூடானால் ஆவி மிகும், ஆவி மிகுந்தால் மேகமும் மிகுந்து வெயிலைத் தடுக்க வேண்டும் அல்லவா, ஐயா? பிறகு மேகங்கள் வெப்பத்தைக் கூட்டும் என்பது எப்படி?

பதில்: அம்மா, ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆவியோடு கொள்ளளவும் சேர்ந்தே கூடுவதால், மேகம் உருவாவதற்கான வாய்ப்பு அதே விகிதத்தில் கூடிவிடுவதில்லை. கலிபோர்னியா, பெரு, நமீபியா ஆகியவற்றின் கரையோரக் குளிர்ந்த கடல்களின்மேல், ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குள் விரிந்து கிடக்கும் தட்டையான தாழ்மேகத் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சி விண்வெளியை நோக்கி வெப்பத்தை உமிழ்ந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று கீழே இறங்க, கடலின் ஈரம் மேலே ஏறி மேகத்தை ஊட்டுகிறது. அதே சுழற்சி, மேலே மூடியாக அமர்ந்திருக்கும் வெதுவெதுப்பான உலர்காற்றையும் சிறிது சிறிதாக உள்ளே இழுக்கிறது. கடல் சூடாகும்போது கீழேயுள்ள ஈரத்துக்கும் மேலேயுள்ள வறட்சிக்கும் இடையிலான வேறுபாடு பெருகுவதால், உள்ளே வரும் உலர்காற்று முன்னைவிட அதிகமாக மேகத்தை உலர்த்துகிறது. மேல்வளியில் கரியமில வாயுவும் நீராவியும் மிகும்போது உச்சியின் குளிர்ச்சியும் மட்டுப்படுகிறது. எதிர்த்திசையில் இழுப்பதும் ஒன்று உண்டு: கடலைவிட மேல்வளி விரைவாகச் சூடானால் அந்த மூடி இறுகி, மேகம் நிலைத்து நிற்கும். இவற்றைக் கூட்டிக் கழித்தால், பெரும்பாலான மாதிரிகளிலும் செயற்கைக்கோள் பதிவுகளிலும் உலர்த்தும் பக்கமே வெல்கிறது. வெப்பத்துக்கு மேகம் காட்டும் எதிர்வினை இப்படி வெப்பத்தையே மீண்டும் மாற்றுவதைத்தான் பின்னூட்டம் என்கிறோம்.

இது ஏன் பெரிய செய்தி என்றால், இவ்வகைத் திரை கடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூடியிருக்கிறது. எல்லா மேகங்களும் சேர்ந்து பூமியைச் சதுர மீட்டருக்கு 20 வாட் அளவில் குளிர்விக்கின்றன. கரியமில வாயு இருமடங்கானால் கூடும் வெப்பத் தாக்கமோ 4 வாட்டை ஒட்டியதுதான். ஆகவே அந்த 20இல் ஒரு சிறு பங்கு குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்.

புக்கிட் மெர்தாஜாம் மாணவர்: இவ்வளவு பெரிய கணினிகள் இருந்தும் மாதிரிகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

பதில்: தம்பி, உலக மாதிரி பூமியைப் பிரித்துக் கணக்கிடும் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலம், நான் மேலே சொன்ன சுழல்களோ சில பத்து மீட்டர் அளவின. அவற்றை நேரடியாகக் கணக்கிட வழியில்லாததால் ஒவ்வொரு குழுவும் தோராயச் சூத்திரங்களை எழுதுகிறது. மாதிரிகள் பிரிவது பெரும்பாலும் அங்கேதான். கரியமில வாயு இருமடங்கானால் 1.5 முதல் 4.5 டிகிரி வரை சூடேறும் என்று 1979இல் வானிலை அறிஞர் சார்னி தலைமையிலான அமெரிக்க அறிவியல் குழு சொன்னது. அண்மைத் தலைமுறை மாதிரிகளோ 1.8இலிருந்து 5.6 வரை பரவின. மேல் எல்லை உயர்ந்ததற்குத் தென்பெருங்கடலின் தாழ்மேகங்களை அவை கையாண்ட விதம் முக்கியக் காரணம். பல சான்றுகளைச் சேர்த்துப் பார்த்த ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி, 2021இல் அந்த வீச்சை 2.5 முதல் 4 வரை என்று சுருக்கியது. களஆய்வும் உதவுகிறது: 2020இல் பார்படோஸ் அருகே விமானங்களை அனுப்பி, வணிகக் காற்றுப் பகுதியின் சிறு திரள் மேகங்களை அளந்தார்கள். வெப்பம் கூடும்போது அவை வேகமாக உலர்ந்துவிடும் என்று சில மாதிரிகள் காட்டியதை அந்த அளவீடுகள் ஆதரிக்கவில்லை. ஒரே ஒரு மாதிரியின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம் என்று நான் ஓயாமல் எச்சரிப்பது இதனால்தான்.

ஜெலுத்தோங் அன்பர்: தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் மழை பெய்யுமா?

பதில்: மலேசிய வானிலைத் துறையான மெட் மலேசியாவைப் பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் அன்பர்: அணைக்கட்டு வற்றும்போது செயற்கை மழைக்காக விதை தூவுகிறார்களே, அதைக் கடலிலும் செய்தால் என்ன?

பதில்: தூவல் இருக்கிற மேகத்தைத் தூண்டப் பார்க்குமே அல்லாமல், இல்லாத மேகத்தை உண்டாக்காது.

செந்தூல் அன்பர்: மேகம் கூடினால் பூமி குளிரும்தானே?

பதில்: எந்த மேகம்? இதே கேள்வியை ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். உயர்ந்த மெல்லிய கீற்று மேகம் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தாழ்மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும். மற்றவை ஆசிரியைக்கு எழுதிய பதிலில் உள்ளன.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்: 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5ஆகக் குறைத்தார்கள். 2023இல் வெப்பம் எகிறியது. மேகம் மெலிந்தது கப்பலால். உங்கள் பின்னூட்டக் கதை எதற்கு?

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. கந்தகத் துகள்கள் மேகத்துளிகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைப் பெருக்குவதால் மேகம் வெளிறிப் பளிச்சிடும். துகள் குறைந்தபோது அந்தப் பளபளப்பும் குறைந்தது. ஆனால் இது துகளால் நேர்ந்த மாற்றம். வெப்பத்துக்கு மேகம் காட்டும் எதிர்வினை வேறு. கந்தகக் குறைப்பால் கூடிய வெப்பம் ஒரு டிகிரியின் நூற்றில் சில பங்கு என்றே பெரும்பாலான கணிப்புகள் சொல்கின்றன. நீங்கள் ஓடிய மலாக்கா நீரிணையின்மேல் அத்தகைய தாழ்திரை இல்லாததால், அங்கே கப்பல் புகை மேகத்தில் வரையும் தடங்கள் வெண்கோடுகளாகத் தெரிவதும் அரிது. உங்களுக்குச் சுவையான செய்தி ஒன்று: இந்தியப் பெருங்கடலின் கிழக்கிலும் தென்சீனக் கடலிலும் கப்பல் வழித்தடங்களின்மேல் மின்னல் ஏறத்தாழ இருமடங்காக இருந்ததை 2017இல் ஓர் ஆய்வு காட்டியது.

அவரே: நூற்றில் சில பங்கு என்றால், 2023இன் மிச்சக் கணக்கு எங்கே?

பதில்: நியாயமான கேள்வி. பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடாகும் எல் நினோ ஒரு பங்கு. அது போக, பூமி திருப்பி அனுப்பும் ஒளி அவ்வாண்டு பதிவிலேயே மிகக் குறைந்திருந்தது. குறைந்தவற்றில் அட்லாண்டிக்கின் தாழ்மேகங்கள் முக்கியமானவை. காரணம் துகளா, இயற்கை ஊசலா, பின்னூட்டமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 2000 முதல் மட்டுமே கிடைக்கும் துல்லியமான பதிவைக் கொண்டு மூன்றையும் பிரிப்பது கடினம். பின்னூட்டமே பெரும்பங்கு என்று தெளிந்தால், குறைந்த சூடேற்றம் காட்டும் மாதிரிகளுக்குத்தான் நெருக்கடி; அதைக் கொண்டு பின்னூட்டத்தைக் கதை என்று தள்ள முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் வழக்கறிஞர்: அப்படியானால் கந்தகத்தையே மீண்டும் எரிக்கலாமே?

பதில்: துகள்கள் வானில் சில நாள்களே தங்கும், கரியமில வாயுவின் தாக்கம் நூற்றாண்டுகள் நீடிக்கும். எரிப்பதை நிறுத்திய உடனே மறைந்திருந்த வெப்பமெல்லாம் வெளிப்படும். துறைமுகத்தருகே வாழ்பவர்களின் நுரையீரலையும் கேட்டுப் பாருங்கள். இவ்விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம். இதைப் பற்றி இன்னும் வந்த மடல்களுக்குத் தனிப் பதில் இல்லை.

கிள்ளான் வாசகி: பெரு நாட்டு மேகத்துக்கும் நம் பக்கத்துக் கடலுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, அதுவும் நெருக்கமாக. நமக்குக் கிழக்கே, மேற்குப் பசிபிக்கின் வெதுவெதுப்பான நீர் சூடானால், அங்கே எழும் இடிமேகங்கள் அந்த வெப்பத்தை வெப்பமண்டல மேல்வளி முழுவதும் பரப்புகின்றன. பெருவின் அருகே கடல் குளிர்ந்தே இருக்க, மேல்வளி மட்டும் சூடாவதால் மூடி இறுகி, தாழ்மேகம் பெருகும். கடந்த சில பத்தாண்டுகளில் பெரும்பாலும் நடந்தது இதுவே. பூமியின் வெப்ப ஏற்றம் ஓரளவு மட்டுப்பட்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நெடுங்காலத்தில் கிழக்குப் பசிபிக்கும் சூடாகும் என்றே பெரும்பாலான மாதிரிகள் காட்டுகின்றன. அப்போது அந்தத் திரை மெலியும். ஆகவே இதுவரை ஏறிய வெப்பத்தை மட்டும் அளந்து எதிர்காலத்தைக் கணிப்பவர்களுக்கு, விடை உண்மையைவிடக் குறைவாகவே கிடைக்கும்.