ஃபிராங்க்ளின் ஏன் பொகோட்டா போனார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பில்லி ரைட் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். இங்கிலாந்துக் கால்பந்து அணிக்காக 105 ஆட்டங்கள் ஆடியவர். ஆனால் நீல் ஃபிராங்க்ளின்தான் அவரைவிடச் சிறந்த சென்டர் ஹாஃப், அதாவது தற்காப்பின் நடுவில் நிற்பவர், என்று சிலர் சொல்கிறார்கள். 1950 உலகக்கோப்பைக்குச் சற்று முன்பு பணத்துக்காகக் கொலம்பியாவுக்கு ஓடிப்போனவரை ரைட்டோடு ஒப்பிடலாமா? ரைட்டின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்தானாமே, எப்படித் தலையால் பந்தை வென்றார்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உயரத்தை விடுங்கள், எப்போது எம்ப வேண்டும் என்று ரைட்டுக்குத் தெரியும். ஒப்பீட்டுக்கும் பெரிய இடமில்லை. 1950 வரை இருவரும் ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்தில் ஆடியவர்கள். ரைட் அப்போது விங் ஹாஃப், நடுவுக்குப் பக்கவாட்டில் ஆடுபவர். 1954 உலகக்கோப்பையில் சென்டர் ஹாஃப் சிட் ஓவன் காயப்பட்ட பிறகுதான் நடுவுக்கு வந்தார். ஃபார்வர்டு எவ்வளவு முன்னால் நின்று பந்து வாங்கலாம் என்கிற ஆஃப்சைடு விதி 1925-ல் தளர்ந்தபின் சென்டர் ஹாஃபின் வேலை, எதிரணி ஃபார்வர்டை ஒட்டி நின்று பந்தைத் தூர உதைப்பது என்றாகியிருந்தது. ஃபிராங்க்ளின் அதே இடத்தில் நின்று பந்தை அடக்கி, தன் ஆளுக்குத் தரையோடு கொடுத்தார். அதற்காகவே அவரை நேசிக்கலாம்.

பணத்துக்காகப் போனார் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே, அவருடைய சம்பளம் என்னவென்று பார்த்தீர்களா? அன்றைய உச்சவரம்பு பருவகாலத்தில் வாரம் 12 பவுண்டு, கோடையில் 10. இங்கிலாந்துக்குத் தொடர்ந்து 27 ஆட்டங்கள் ஆடியவருக்கும் அதற்குமேல் ஒரு பவுண்டு தரக்கூடாது. சரி, வேறு கிளப்புக்குப் போகலாமே என்பீர்கள். முடியாது. ஒப்பந்தம் ஒரு பருவத்துக்குத்தான், ஆனால் அது முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். கிளப் விட மறுப்பவர்களின் பட்டியலில், அதாவது தக்கவைக்கும் பட்டியலில், பெயர் இருந்து, அவர் கையெழுத்துப் போட மறுத்தால் சம்பளம் நின்றுவிடும். லீக்கில் வேறு எந்தக் கிளப்பும் அவரைச் சேர்க்க முடியாது. கிளப் விற்றால்தான் விடுதலை.

கொலம்பிய லீக் அப்போது ஃபிஃபாவுக்கு வெளியே இருந்தது. ஃபிராங்க்ளினின் கிளப்பான ஸ்டோக் சிட்டியின் பதிவு அங்கே செல்லாது, ஆளை விட்டுக்கொடுக்கக் கிளப்புக்குத் தரும் மாற்றுத்தொகையும் கிடையாது. திறந்திருந்த ஒரே கதவு அது. ஃபிராங்க்ளினும் ஸ்டோக்கில் அவரோடு ஆடிய ஜார்ஜ் மவுண்ட்ஃபோர்டும் பொகோட்டாவின் சான்டா ஃபே கிளப்புக்குப் போனார்கள். ஃபிராங்க்ளின் சில வாரங்களிலேயே திரும்பினார். வந்ததும் ஆடத் தடை. 1951 பிப்ரவரியில் ஸ்டோக் அவரை ஹல் சிட்டிக்கு 22,500 பவுண்டுக்கு விற்றது. ஆண்டு முழுக்க 12 பவுண்டு என்றே வைத்தாலும் அவருடைய 36 வருடச் சம்பளம் அது! மாறிப்போகும் ஆட்டக்காரருக்கு விதிப்படி கிடைத்தது 10 பவுண்டு. பணத்தாசை பற்றிப் பேசுவதென்றால் இங்கிருந்து ஆரம்பியுங்கள்.

இங்கிலாந்து அணி அவரை மறுபடி அழைக்கவே இல்லை. நான்கு வருடம் அந்த இடத்துக்கு ஆள் தேடியது. 1953 நவம்பரில் வெம்ப்ளியில் ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்டு ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி ஆடினார். சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டன் கூடவே போனால் நடுவில் ஓட்டை, நின்றால் ஹிடெக்குட்டிக்குத் தடையே இல்லை. 6–3 என்று ஹங்கேரி வென்றது, ஹிடெக்குட்டிக்கு மூன்று கோல்.

சம்பள உச்சவரம்பு 1961-ல் ஒழிந்தது. ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தன் கிளப்பான நியூகாசிலுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தக்கவைக்கும் முறை நியாயமற்ற தொழில் தடை என்று 1963-ல் தீர்ப்பானது. ஃபிராங்க்ளினுக்கு அப்போது 41 வயது.